9 மில்லிமீற்றர் மழையின் விலை

2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. அதன் முழுத்திறன் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். ஒரு நாளும் நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு 87 இலட்சத்து 60 ஆயிரம் கன மீற்றர் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். நிலையத்தின் ஓராண்டுத் தண்ணீர் முழுவதையும் இந்தப் பரப்பில் சமமாக விரித்தால் 8.76 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கார்த்திகையில் ஒரு பின்னேரம் கொட்டித் தீர்க்கிற மழை இதைவிடக் கூட.

குடாநாட்டின் ஆண்டு மழை சராசரி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் வந்துவிடும். கன அளவில் பார்த்தால் இது ஆண்டுக்கு 125 கோடி கன மீற்றர். ஆவியாவது, கடலுக்கு ஓடுவது, பயிர் குடிப்பது எல்லாம் போக, பத்தில் ஒரு பங்கு மட்டும் நிலத்துக்குள் இறங்குகிறது என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். அதுவே 12.5 கோடி கன மீற்றர். தாளையடி போன்ற 14 நிலையங்களின் முழு உற்பத்தி. இந்த 14 நிலையங்களையும் வானம் ஆண்டுதோறும் நமக்குக் கட்டித் தந்துகொண்டிருக்கிறது. திறைசேரியின் எந்தப் பேரேட்டிலும் இவற்றுக்கு ஒரு வரி கிடையாது. கணக்கில் இருப்பது தாளையடி மட்டும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். இயற்கை கெடும்போது நாட்டின் கணக்கில் எதுவும் குறைவதில்லை. கெட்டதற்கு மாற்று வாங்கும்போதுதான் கணக்கு அசைகிறது. அப்போதும் அது முதலீடு, உற்பத்தி, வளர்ச்சி என்ற பெயர்களில்தான் பதிவாகிறது. கடன் மட்டும் டொலரில் நிற்கிறது.

முதலில் நிலத்தடியைப் பார்ப்போம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நம்முடைய ஏறத்தாழ ஒரு இலட்சம் கிணறுகளும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லை நம்பியே இருக்கின்றன. அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் மழைநீர் தங்குகிறது. கீழே கடல்நீர், அதன் மேல் வில்லை வடிவில் நன்னீர். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு இடங்களில் இந்த வில்லைகள் இருக்கின்றன. நிலாவரைக் கிணற்றில் மேல்மட்ட நீர் இனிப்பாகவும் ஆழத்து நீர் உப்பாகவும் இருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு விதி உண்டு. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் நீரியலாளர் வழங்கும் விதி இது. இதைத் திருப்பிப் படித்தால் நெஞ்சு பதறும். மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால், நாளடைவில் கீழே உப்பு 4 மீற்றர் ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதக் காலின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. "எங்கட கிணறு வத்தேல்லை" என்று சொல்லி ஆறுதல் அடைய இடமில்லை. இங்கே கிணறு வற்றிச் சாவதில்லை, உவர் ஏறிச் சாகிறது. தண்ணீர் மட்டம் பார்வைக்கு அப்படியே இருக்கும், வாழை கருகும்.

இனி விலை. 10 மீற்றர் ஆழத்திலிருந்து ஒரு கன மீற்றர் தண்ணீரைத் தூக்க, பம்பியின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 0.07 அலகு மின்சாரம் போதும். கடல்நீரை எதிர்ச்சவ்வூடு முறையில் நன்னீராக்க, உலகம் முழுவதும் பொதுவாக 3 முதல் 4 அலகு வரை செலவாகிறது. நடுவில் 3.5 என்று எடுத்தால் 50 மடங்கு. அலகு 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு கன மீற்றருக்கு மின்சாரச் செலவு மட்டும் 70 ரூபாய். 24,000 கன மீற்றருக்கு நாளொன்றுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம். ஆண்டுக்கு 61 கோடி ரூபாய்க்கு மேல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வாங்கி மாற்ற வேண்டிய சவ்வுகள், ஆட்கூலி, குழாய்ப் பராமரிப்பு, கடனின் வட்டி எதுவும் இதில் சேரவில்லை. ஒவ்வொரு கன மீற்றர் நன்னீருக்கும் அதைவிடக் கூடுதலான அடர் உப்புநீர் கடலுக்குத் திரும்பிப் போகிறது. அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கு அது என்ன செலவு வைக்கும் என்பதற்கும் பேரேட்டில் வரி இல்லை.

இந்த நிலையத்தை நான் குறை சொல்லவில்லை. ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்குக் குடிநீர் என்பது சின்னக் காரியம் இல்லை. திட்டத்தின் முதல் வடிவம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அவர்களுடைய வயலுக்கே கோடையில் தண்ணீர் போதாது. அதனால் கடலிடம் போக வேண்டி வந்தது. கடலிடம் போவதற்கு எவ்வளவு செலவு என்பதை மக்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி இந்தத் திட்டத்துக்கு 9 கோடி டொலர் கடன் தந்தது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 112 ரூபாய்; கடன் 1,008 கோடி ரூபாய். நிலையம் திறந்த 2024இல் டொலர் ஏறத்தாழ 300 ரூபாய். அதே 9 கோடி டொலர் அந்த வீதத்தில் 2,700 கோடி ரூபாய். ஒரு செங்கல்லும் கூடாமல் 1,692 கோடி ரூபாய் ஏறியிருக்கிறது. மழை ரூபாயும் கேட்பதில்லை, டொலரும் கேட்பதில்லை. அதைக் கெடவிட்டால் அதற்குப் பதிலாக வருகிற ஒவ்வொரு லீற்றரும் நாணய மாற்று வீதத்தில் கட்டுண்டு கிடக்கும். நிலத்தடி நீர் கெடுவது நாட்டின் வெளிநாட்டுக் கடன் பிரச்சினையும்கூட என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

நன்னீராக்கிய கடல்நீரைக் குடிக்கலாம், அதில் சமைக்கலாம். அதைக் கொண்டு தோட்டம் செய்ய முடியாது. ஓர் ஏக்கர், அதாவது நம்முடைய 16 பரப்பு, வெங்காயத்துக்கு ஒரு போகத்தில் 500 மில்லிமீற்றர் தண்ணீர் என்று வைப்போம். 2,023 கன மீற்றர் வேண்டும். தாளையடித் தண்ணீரில் இறைத்தால் மின்சாரத்துக்கு மட்டும் 1,41,610 ரூபாய். கிணற்றில் இறைத்தால் அதே மின்கட்டணத்தில் 2,832 ரூபாய். வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு என்று தலைமுறைகளாகச் செய்துவருகிறவர்களின் இலாபம் முழுவதும் இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கிறது. புன்னாலைக்கட்டுவனிலோ ஏழாலையிலோ ஒரு தோட்டக்காரருக்கு வங்கி நகைக்கடன் தருகிறபோது, அதைத் திருப்பிக் கட்டப்போவது அந்தக் கிணற்றின் இனிப்பு. வங்கியின் படிவத்தில் கிணற்று நீரின் உப்பளவைக் கேட்கும் கட்டம் இல்லை.

உப்பு ஒரு பக்கம். மறு பக்கம் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமக் கிணறுகள் பல இதைத் தாண்டிவிட்டன என்று 1980களிலேயே ஆய்வுகள் எழுதின. பசளையும் மலசலகூடக் குழிகளும் இரண்டு காரணங்கள். பசளையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் 102 கிலோ. பயிர் எடுத்ததும் காற்றில் போனதும் போக, கால்வாசி மட்டும் நிலத்தடிக்கு இறங்குகிறது என்று வைப்போம். 25.5 கிலோ. ஒரு கன மீற்றருக்கு 50 கிராம் என்ற எல்லைக்கு, 510 கன மீற்றர் சுத்தமான தண்ணீரை அந்த ஒரு மூடையே கொண்டுபோய்விடும். அதாவது 5 இலட்சத்து 10 ஆயிரம் லீற்றர்.

2005ஆம் ஆண்டு முடிவில் நெல்லுக்கென்று ஒரு மூடைப் பசளை 350 ரூபாய்க்கு மானியத்தில் வந்தது. எந்தப் பயிருக்குப் போட்டாலும் மண்ணுக்குள் நடக்கிற கணக்கு ஒன்றுதான். ரூபாயின் பெறுமதி விழுந்ததைக் கருதி, அந்த 350ஐப் பத்து மடங்காக்கி 3,500 என்றே எழுதுவோம். கெட்ட 510 கன மீற்றருக்குப் பதிலாகக் கடல்நீரைச் சுத்தம் செய்தால் மின்சாரத்துக்கு மட்டும் 35,700 ரூபாய். 3,500 ரூபாய்ப் பொருள், 35,700 ரூபாய் நட்டம். முதல் தொகை விவசாயியின் செலவு. இரண்டாவது தொகை குடிக்கிற எல்லோருடைய செலவு. பசளை விலையை அரசு குறைத்துக் கொடுத்தபோது, நட்டத்தின் பக்கத்தையும் அரசே வளர்த்தது.

உலகம் முழுவதும் இதுதான் நடக்கிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட உயிர்ப்பல்வகைமை உடன்பாட்டில், இயற்கையைக் கெடுக்கும் மானியங்களை 2030க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 கோடி டொலர் குறைப்பது என்று ஓர் இலக்கு இருக்கிறது. இலங்கை அதற்கு முந்திய ஆண்டே பசளையை நிறுத்திப் பார்த்தது. எப்படி நிறுத்தியது என்பதைச் சொல்ல இன்னும் கோபம் வருகிறது. 1962இல் தொடங்கி, இடையில் நின்றும் தொடர்ந்தும் வந்த மானியம் விவசாயியைப் பழக்கிவிட்டிருந்தது. 59 ஆண்டுப் பழக்கத்தை 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் வெட்டினார்கள். மாற்றுப் பசளை இல்லை, பயிற்சி இல்லை, இடைக்காலத்துக்குப் பணம் இல்லை. நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு அறிவித்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. கடன் முறிவுக்குப் பல காரணங்கள் இருந்தன. பசளைத் தடை அதை மோசமாக்கியது. அந்த 4,000 கோடியில் ஒரு பகுதியை முன்கூட்டி, பத்து ஆண்டில் பரப்பி, பசளையைக் குறைக்கிற விவசாயிக்குக் கொடுத்திருந்தால் கிணறும் தப்பியிருக்கும், வயலும் தப்பியிருக்கும். இன்று பசளையைக் குறைப்போம் என்று வாய் திறந்தாலே 2021ஐக் காட்டி அடக்கிவிடுகிறார்கள். அந்தத் தடையின் பெரிய நட்டம் இதுவென்று நினைக்கிறேன்.

சுன்னாகம் கணக்கு சிறியது, ஆனால் கசப்பானது. அங்கே அனல்மின் நிலையத்திலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. சுற்றுவட்டாரத்துக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. 2015இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் ஊர்க் கிணற்றுக்குப் பொருத்திய தீர்ப்பு அது. அந்த வகையில் பெருமைக்குரியது. தொகையைப் பாருங்கள். 500 கிணற்றுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 40,000 ரூபாய். முழுத் தொகையும் தாளையடி நிலையத்தின் 12 நாள் மின்சாரச் செலவு.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரால் நிற்கும்வரை சுண்ணாம்புக்கல்லைத் தோண்டியது. கிடங்குகள் இன்னும் கிடக்கின்றன. சீமெந்துக்கு விலை இருந்தது. தண்ணீர் தங்கும் பாத்திரத்தையே உடைத்து விற்கிறோம் என்பதற்கு விலை போடப்படவில்லை. சுண்ணாம்புக்கல்லை அகழ்ந்து வெளியே கொண்டுபோகும் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கிடங்குகளைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டிய ஒன்று 70 ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. 1954இல் பொறியியலாளர் ச. ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வரைந்தார். மழைக்காலத்தில் ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு வருகிற நன்னீரைக் கடலுக்கு விடாமல் மறித்து, முள்ளியான் கால்வாயால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உப்பாறு நீரேரிக்கு விடுவது. உப்பு மெல்ல மெல்லக் கழுவப்பட்டு நீரேரிகள் நன்னீராகும், சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் கட்டினார்கள். மிச்சம் முற்றுப்பெறவில்லை. நீரேரியை நன்னீராக்கினால் அங்குள்ள இறாலுக்கும் மீனுக்கும் பறவைக்கும் என்ன ஆகும் என்ற கேள்வியை 1954இல் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இன்று கேட்டே ஆக வேண்டும். ஆனையிறவு நீரேரியை ஒட்டிய சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. ஆனால் அணைத் திட்டத்துக்குத் தயங்குகிறவர்களும் குளங்களைத் தூர்வாரத் தயங்கத் தேவையில்லை. குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குளங்கள் இருக்கின்றன. குளமொன்றில் சராசரி 10,000 கன மீற்றர் தண்ணீர் கூடுதலாகத் தங்கி இறங்கினால் 1 கோடி கன மீற்றர். தாளையடியின் ஓராண்டு உற்பத்தியைவிடக் கூட. 10,000 கன மீற்றர் என்பது ஒரு ஹெக்டெயர் குளத்தில் 1 மீற்றர் ஆழம். இதற்கு டொலர் வேண்டாம். சீமெந்தும் அதிகம் வேண்டாம்.

கடலுக்கு வருவோம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல், இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர்கிற இடம். றோலர் படகின் மடி அடியை வாரிக்கொண்டு போகும்போது, விற்கிற இறாலோடு விற்க முடியாத குஞ்சும் புல்லும் சேர்ந்து வருகின்றன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2018இல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தியது. தமிழ்நாட்டுப் படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று இரவு வருவது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 130 இரவுகள். அந்த இரவுகளில் குருநகரிலோ பருத்தித்துறையிலோ ஒரு சின்னப் படகுக்காரர் வலையை விட்டால், காலையில் வலை இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

அந்தப் பக்கமும் நம் சனம்தான். கடன் வாங்கிப் படகு கட்டியவர்கள். இந்திய அரசு இதற்கு ஒரு விலை குறித்தது. 2017இல் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்ற 1,600 கோடி இந்திய ரூபாய். படகுக்கு 80 இலட்சம். பாதியை மத்திய அரசும் 20 விழுக்காட்டை மாநில அரசும் தரும். 20 விழுக்காடு, அதாவது 16 இலட்சம், வங்கிக் கடன். 8 இலட்சம் மீனவரின் சொந்தப் பணம். மூன்று ஆண்டு இலக்கு. அதில் இருபதில் ஒரு பங்குகூட நிறைவேறவில்லை. ஏற்கனவே படகுக் கடனில் இருப்பவர் தெரியாத கடலுக்காக இன்னும் 24 இலட்சத்தைத் தலையில் ஏற்ற மாட்டார். பாக்கு நீரிணையின் அடிநிலத்தை மீட்பதற்கான செலவு யாரும் மலைக்கிற தொகை இல்லை. அதை யார் தலையில் எவ்வளவு வைப்பது என்ற பங்கீடுதான் பிழை.

கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா 2021இல் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கையில், 1992 முதல் 2014 வரை உலகில் ஆளொருவருக்கான மனிதர் உண்டாக்கிய மூலதனம் இரட்டிப்பானது என்றும் இயற்கை மூலதனம் 40 விழுக்காட்டை நெருங்கும் அளவுக்குக் குறைந்தது என்றும் எழுதினார். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற அளவுகோல் முதலாவதை மட்டும் காட்டும். இலங்கைக்கு இது வெறும் தத்துவம் இல்லை. 2024 டிசம்பரில் நாடு ஏறத்தாழ 1,250 கோடி டொலர் இறைமை முறிகளைப் புதியவற்றுக்கு மாற்றியது. அவற்றில் ஒரு பகுதி பொருளாதார வளர்ச்சியோடு கட்டப்பட்டவை: உற்பத்தி குறித்த அளவைத் தாண்டினால் கடன்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு முறி நல்லாட்சி இலக்குகளோடு கட்டப்பட்டது: நிறைவேற்றினால் வட்டி குறையும். நிலத்தடி நீரையோ கடற்புல்லையோ காப்பாற்றினால் வட்டி குறையும் என்று ஒரு முறியும் எழுதப்படவில்லை. எழுத முடியாத காரியமும் இல்லை. எக்குவடோர் 2023இல் ஏறத்தாழ 160 கோடி டொலர் முறிகளை ஏறத்தாழ 65 கோடிக்கு மீட்டு, மிச்சத்தில் ஒரு பகுதியைக் கலாபகொஸ் கடலின் காவலுக்கு ஒதுக்கியது.

அப்படியொரு முறியை எழுத வேண்டுமானால் அளவு வேண்டும். கிணற்றின் நீர்மட்டம், உப்பளவு, நைத்திரேற்று ஆகிய மூன்றையும் பிரதேச செயலகம் வாரியாக ஆண்டுக்கு இருமுறை அளந்து, வரவு செலவுத் திட்டத்துக்கு முன் மக்கள் முன்னால் வைக்க வேண்டும். நீர்வளச் சபை, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிடமும் இதற்கான ஆளும் அறிவும் இருக்கின்றன. சேர்ந்து ஒரே ஏட்டில் எழுதும்படி திறைசேரி கேட்க வேண்டும். அதுவரை, கிணறு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தை முதலாம் திகதியும் ஆடி முதலாம் திகதியும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.